வெளியூர்க்காரனுக்கு இடமில்லையா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

"மண்டலக் கால்பந்துப் போட்டிகளைக் காணப் பிற கல்லூரி மாணவர்கள் நம் கல்லூரி வளாகத்திற்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்."

இவ்வாண்டு நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட இந்தத் தாளை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு "நல்லதாகப் போயிற்று" என்று சொன்னவர்களே மிகுதி. சொன்னவர்களுள் நானும் ஒருவன். சொன்னது மட்டுமா? அந்தத் தாள் அங்கே வருவதற்குக் காரணமான மாணவர் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து கை தூக்கியவனும் நான்தான். ஆகவே, மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதியோடு இக்கட்டுரையை நான் எழுதவில்லை. தூக்கிய கையை இறக்கிக்கொள்ள விரும்பும் ஒருவன் தன் காரணங்களைச் சொல்கிறான் என்று மட்டும் கொள்க.

சென்ற ஆண்டு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அரையிறுதியில் நாம் 2-1 என்று தோற்றோம். எதிர்க் கல்லூரி மாணவர்கள் இரண்டு வேன்களில் வந்திருந்தார்கள். இரண்டாவது கோல் விழுந்ததும் அவர்கள் மேளம் கொட்டி ஆடினார்கள். நம் பக்கத்திலிருந்து சில சொற்கள் போயின. அந்தப் பக்கத்திலிருந்தும் சில சொற்கள் வந்தன. பிறகு செருப்பு, தண்ணீர்ப் பாட்டில், கல். என் அறை நண்பனின் தலையில் ஒரு கல் பட்டது. என் சட்டையைக் கழற்றி அவன் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துச் சென்றேன். நான்கு தையல். அன்றிரவு விடுதியில் யாரும் உறங்கவில்லை. "அடுத்த வருஷம் ஒருத்தன் உள்ளே வரக் கூடாது" என்பதே எல்லோருடைய பேச்சும். அந்தச் சட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, கறை போகவில்லை. என் கோபம் நியாயமான கோபம் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபம் யார்மேல் திரும்பியது என்பதில்தான் இப்போது எனக்கு ஐயம்.

அந்த ஐயம் பிறந்தது விளையாட்டுத் திடலில் அன்று, வகுப்பறையில். எங்கள் இயற்பியல் மன்றத்தில் திரவங்களின் அழுத்தத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்புத் தந்தார்கள். பாடப் புத்தகத்தில் உள்ள குழாயையும் தொட்டியையும் விட்டுவிட்டு வேறு ஏதாவது எடுத்துக்காட்டுச் சொல்லேன் என்றார் எங்கள் பேராசிரியர். மனிதர்கள் மிக நெருக்கமாக நிற்கும்போது கூட்டமே ஒரு திரவம்போல் நடந்துகொள்ளும் என்றும், அதைப் படித்துப் பார் என்றும் அவர்தாம் சொன்னார். ஒரு சதுர மீட்டரில் மூன்று நான்கு பேர் நின்றால் அவரவர் தம் காலில் நிற்கிறார்கள். ஏழு பேர் என்று ஆகிவிட்டால் யாரும் தம் விருப்பப்படி நிற்பதில்லை. ஓரிடத்தில் ஏற்படும் தள்ளல் அலையாக மறுபுறம் போய்ச் சேருகிறது. இதில் சாகிறவர்கள் பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை; நின்றபடியே, மார்பு விரிய இடமின்றி, மூச்சு முட்டிச் சாகிறார்கள். இதைப் படிக்கப் போன நான் படித்து முடித்தது இயற்பியலை அன்று. கால்பந்து மைதானங்களில் வெளியூர் ரசிகர்களை உலகம் எப்படி நடத்தியிருக்கிறது என்ற வரலாற்றை.

அந்த வரலாற்றின் முதல் பக்கம் ஹில்ஸ்பரோ. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள மைதானம். 1989 ஏப்ரல் 15 அன்று அங்கே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. ஆடியவை லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும். இரண்டுமே அந்த ஊருக்கு வெளியூர் அணிகள். இரு தரப்பு ரசிகர்களும் வழியில் சந்தித்துக்கொள்ளவே கூடாது என்பது போலீசாரின் திட்டம். லிவர்பூலுக்கு ரசிகர்கள் அதிகம். ஆயினும் அவர்கள் வரும் திசையைக் கணக்கிட்டு, சிறிய பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். நின்று பார்க்கும் டிக்கெட் வாங்கிய 10,100 பேருக்கு ஏழே ஏழு சுழல் வாயில்கள். உள்ளே போனால், ஆடுகளத்திற்குள் யாரும் குதித்துவிடாதபடி முன்னால் உயரமான கம்பி வேலி. பக்கவாட்டில் நகராதபடி அங்கும் வேலி. ஆட்டுப்பட்டியைப் போல. அந்த நாட்டுக்காரர்களே அவற்றை அழைத்த சொல்லுக்கும் பட்டி என்றுதான் பொருள்.

ஆட்டம் மூன்று மணிக்கு. அதற்கு முன்பே வாயிலுக்கு வெளியே நெரிசல் முற்றிவிட்டது. 2.52 மணிக்குப் போலீஸ் அதிகாரியின் உத்தரவின்பேரில் ஒரு பெரிய வெளிவாயில் திறக்கப்பட்டது. உள்ளே வந்தவர்களுக்கு நேர் எதிரே ஒரு சுரங்கப்பாதை. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப் பட்டிகள் இரண்டுக்குத்தான் போகும். அந்தப் பாதையை மூடி, பக்கத்துப் பட்டிகளுக்குப் போங்கள் என்று கைகாட்ட ஒருவரும் நிற்கவில்லை. பக்கத்துப் பட்டிகளில் இடம் இருந்தது! முன்வரிசையில் நசுங்கியவர்கள் வேலியில் ஏறித் தப்ப முயன்றார்கள். ஆடுகளத்துக்குள் கலகம் செய்ய வருகிறார்கள் என்றெண்ணி முதலில் அவர்களைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். 3.06க்கு ஆட்டம் நின்றது. அன்றைய காயத்தால் 2021இல் இறந்தவரையும் சேர்த்து 97 பேர்.

நண்பர்களே, அடுத்து நடந்ததைத்தான் நான் பலமுறை படித்தேன். ரசிகர்கள் வாயிலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள் என்று, வாயிலைத் திறக்க உத்தரவிட்ட அந்த அதிகாரியே அன்று பிற்பகலில் சொன்னார். குடித்திருந்தார்கள், தாமதமாக வந்தார்கள், டிக்கெட் இல்லாமல் வந்தார்கள் என்றெல்லாம் பத்திரிகைகளில் வந்தது. மறுநாளே பலர் நம்பினார்கள். ஏன் நம்ப மாட்டார்கள்? கால்பந்து ரசிகன், அதிலும் வெளியூர் ரசிகன், வேறு எப்படி இருப்பான் என்பது முன்பே முடிவான சங்கதியல்லவா? 2012இல் ஒரு சுயேச்சைக் குழு ஆவணங்களைப் புரட்டியபோது, 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததும், அவற்றுள் 116இல் போலீசாருக்குப் பாதகமான சொற்கள் நீக்கப்பட்டிருந்ததும் வெளியாயின. 2016இல் மரண விசாரணையின் நடுவர்கள், இறந்தவர்கள் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்களின் நடத்தை இதற்குக் காரணமன்று என்றும் முடிவு சொன்னார்கள். அதாவது, என் பிள்ளை குடிகாரன் அல்லன் என்று நிரூபிக்க ஒரு தாய்க்கு 27 ஆண்டுகள் ஆயின.

அதோடு முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 2022 மே 28 அன்று பாரிசில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். மீண்டும் லிவர்பூல் ரசிகர்கள், மீண்டும் குறுகிய வழி, மூடிய வாயில்கள், வரிசையில் நின்றவர்கள்மேல் கண்ணீர்ப்புகை. ஆட்டம் 36 நிமிடம் தாமதமாயிற்று. போலி டிக்கெட்டோடு ஆயிரமாயிரம் ஆங்கிலேயர்கள் வந்துவிட்டார்கள் என்றே பிரான்சின் உள்துறை அமைச்சர் முதலில் சொன்னார். 2023இல் வெளியான சுயேச்சை அறிக்கையோ, முதன்மைப் பொறுப்பு ஆட்டத்தை நடத்திய ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தையே சாரும் என்றது. பெருஞ்சாவு நேராமல் போனதற்கு ரசிகர்கள் பொறுமை காத்ததும் ஒரு காரணம் என்றது. 33 ஆண்டுகளில் வேலி போயிற்று. குற்றச்சாட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"வேலி போட்டு அடைத்ததால்தானே ஆபத்து? உள்ளேயே விடாவிட்டால் தொல்லையே இல்லையே!" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். அதற்கு விடை இந்தோனேசியாவில் இருக்கிறது.

2022 அக்டோபர் 1. கிழக்கு ஜாவாவில் மாலாங் பகுதியில் உள்ள கஞ்சுருஹான் மைதானம். உள்ளூர் அணி அரேமா. எதிரணி சுரபாயாவின் பெர்செபாயா. இரண்டுக்கும் பரம்பரைப் பகை. ஆகவே பெர்செபாயா ரசிகர் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். நம் அறிவிப்புப் பலகைத் தாள் போலத்தான். மைதானம் முழுக்க உள்ளூர்க்காரர்கள். இரவு ஆட்டத்தைப் பிற்பகலுக்கு மாற்றுங்கள் என்று போலீசார் கேட்டார்கள், மாற்றவில்லை. 38,000 பேருக்குரிய இடத்துக்கு 42,000 டிக்கெட்டுகள் விற்கப்பட்டன. 23 ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த மண்ணில் பெர்செபாயாவிடம் அரேமா 3-2 என்று தோற்றது. மனம் பொறாத உள்ளூர் ரசிகர்கள் சிலர் ஆடுகளத்தில் இறங்கினார்கள். போலீசார் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை ஆடுகளத்திலும் வீசினார்கள். அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களின் படிக்கட்டுகளிலும் வீசினார்கள். மைதானத்திற்குள் இத்தகைய புகையை எடுத்துச் செல்லவே கூடாது என்பது உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி. புகையிலிருந்து ஓடியவர்கள் வாயில்களுக்கு வந்தார்கள். சில வாயில்கள் முழுமையாகத் திறக்கப்படவில்லை, திறந்தவையும் குறுகல். நான் மன்றத்தில் பேசவிருந்த அதே திரவ அழுத்தம். 135 பேர் இறந்தார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிவந்த தகப்பன்மார் வந்த மைதானம் அது.

அந்த 135 பேரைக் கொன்ற வெளியூர்க்காரன் யார்? அங்கே வெளியூர் ரசிகனே இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஆட்டக்காரர்கள்தாம். அவர்களையும் கவச வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வெளியூர் ரசிகனைத் தடுத்துவிட்டோம், இனி ஆபத்தில்லை என்று எண்ணியவர்கள், வாயில் எத்தனை, அகலம் எவ்வளவு, ஆட்டம் முடிவதற்கு முன் அவற்றைத் திறந்து வைப்பது யார் வேலை என்ற கேள்விகளை மறந்துபோனார்கள். ஆட்டத்தை நடத்தியவர்களும் போலீஸ் அதிகாரிகளும் பின்னர் நீதிமன்றம் ஏறினார்கள். இரண்டு போலீஸ் அதிகாரிகளைக் கீழ் நீதிமன்றம் விடுவித்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தண்டித்தது. இதற்குப் பிறகு அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் என்ன செய்தது தெரியுமா? 2023-24 பருவத்தில் முதல்நிலை லீக் முழுவதிலும் வெளியூர் ரசிகர்களுக்குத் தடை விதித்தது! வியாதி ஒன்று, மருந்து வேறொன்று. வெளியூர்க்காரன் இல்லாத மைதானத்தில் நடந்த சாவுக்குத் தண்டனை வெளியூர்க்காரனுக்கு.

அர்ஜென்டினா இதில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே 2013 ஜூனில் லா பிளாட்டா நகரில் ஒரு லீக் ஆட்டம். வந்திருந்த லானூஸ் அணியின் ரசிகர் ஒருவர் இறந்தார். கொன்றது உள்ளூர் ரசிகன் அல்லன். போலீசார் சுட்ட ரப்பர்க் குண்டு. செத்தவன் வெளியூர் ரசிகன், சுட்டது போலீஸ். தடை யாருக்கு என்றால், வெளியூர் ரசிகர்களுக்கு! பன்னிரண்டு ஆண்டுகள் அந்நாட்டு லீக் ஆட்டங்களில் பெரும்பாலானவை ஒரு தரப்பு ரசிகர்களோடு மட்டுமே நடந்தன. 2025இல்தான் சில ஆட்டங்களுக்கு வெளியூர் ரசிகர்களை மீண்டும் விட்டுப் பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அமைதி நிலவியதா? 2018 நவம்பர் 24 அன்று கோபா லிபர்டடோரஸ் இறுதியின் இரண்டாம் ஆட்டத்திற்குப் போகா ஜூனியர்ஸ் வீரர்கள் ரிவர் பிளேட் மைதானத்திற்குப் பேருந்தில் வந்தார்கள். போகா ரசிகர்களுக்கு அன்று அனுமதி இல்லை. பேருந்தின் கண்ணாடிகளை ரிவர் ரசிகர்கள் கல்லால் உடைத்தார்கள். கண்ணாடித் துண்டு பட்டு வீரர்கள் காயமடைந்தார்கள். போலீசாரின் புகையில் சிலர் மூச்சுத் திணறினார்கள். கடைசியில் அந்த ஆட்டத்தைக் கடல் கடந்து ஸ்பெயினின் மாட்ரிட் நகருக்குக் கொண்டுபோய், டிசம்பர் 9 அன்று நடத்தினார்கள். அங்கே இரு தரப்பு ரசிகர்களையும் விட்டார்கள். ஆளுக்கொரு பக்கம், நடுவில் இடைவெளி, வேண்டிய அளவு காவல். ஆட்டம் அமைதியாக முடிந்தது. சொந்த ஊரில் ஒருவரையொருவர் பார்க்கவே தகாதவர்கள் என்று தீர்மானிக்கப்பட்டவர்கள் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரே மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேண்டிய ஏற்பாட்டைச் செய்ய அங்கே மனம் இருந்தது; அவ்வளவுதான் வேற்றுமை.

ஆனால் என்னை உறைய வைத்தது இதுவன்று. 2017 ஏப்ரலில் அதே நாட்டின் கோர்டோபா நகரில் பெல்கிரானோவுக்கும் தாயெரெஸுக்கும் ஆட்டம். அன்று பெல்கிரானோ ரசிகர்களுக்கு மட்டுமே அனுமதி. அவர்களுக்குள்ளேயே ஒரு தனிப் பகை. ஒருவன் மற்றோர் இளைஞனைச் சுட்டிக்காட்டி, "இவன் தாயெரெஸ்காரன்" என்று கத்தினான். கூட்டம் அந்த இளைஞனை அடித்து விரட்டியது, அவன் மேற்படியிலிருந்து கீழே விழுந்தான், பிழைக்கவில்லை. வயது 22. அவன் பெல்கிரானோ ரசிகன்தான்! வெளியூர்க்காரனுக்கு இடமே இல்லை என்று ஆக்கிவிட்ட இடத்தில், 'வெளியாள்' என்ற ஒரு சொல்லே கொலைக் கருவி ஆகிவிட்டது. வேண்டாதவனை அந்தச் சொல்லால் அழைத்தால் போதும்.

நெதர்லாந்திலும் இந்தக் கதைதான். அயாக்ஸ், ஃபெயெனூர்ட் அணிகள் மோதும் ஆட்டங்களுக்கு 2009 முதல் வெளியூர் ரசிகர்களை விடுவதில்லை. 2023 செப்டம்பர் 24 அன்று ஆம்ஸ்டர்டாமில் தம் அணி 0-3 என்று தோற்பதைப் பொறாத அயாக்ஸ் ரசிகர்களே ஆடுகளத்தில் வாணங்களை வீசினார்கள். ஆட்டம் பாதியில் நின்றது. மீதியை மூன்று நாள் கழித்து ஆள் இல்லாத மைதானத்தில் ஆடினார்கள். வெளியூர்க்காரனில் தொடங்கிய தடை உள்ளூர்க்காரனில் போய் முடிந்தது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். வெளியூர் ரசிகர்கள் எல்லோரும் ஆட்டுக்குட்டிகள் அல்லர். 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்செல் மைதானத்தில், ஹில்ஸ்பரோவில் பின்னாளில் பலியான அதே லிவர்பூலின் ரசிகர்கள் யுவென்டஸ் பக்கத்தின்மேல் பாய்ந்தார்கள். பின்வாங்கியவர்களின் நெரிசலில் சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியர்கள். மைதானம் பழையது, நடுவே இருந்த தடுப்பு வெறும் கம்பி வலை என்பதெல்லாம் உண்மை. ஆனால் பாய்ந்தவன் குற்றம் பாய்ந்தவனுடையதே. அதே ஆண்டு மார்ச்சில் லூட்டன் நகரில் மில்வால் ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அதன் பிறகு லூட்டன் கழகம் 1986 முதல் நான்கு பருவங்களுக்கு வெளியூர் ரசிகர்களையே விடவில்லை. ஊரில் கைதுகள் குறைந்தன, கடைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். இதை மறுப்பதற்கில்லை. லூட்டனைப் பார்த்து, நாடு முழுவதும் ரசிகர்களுக்கு அடையாள அட்டை என்ற சட்டத்தையும் அரசு கொண்டுவந்தது. அதை நிறுத்தியது யார்? ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லர். அட்டையைச் சரிபார்க்கும் வாயிலில் கூட்டம் தேங்கும், அந்தத் தேக்கமே ஆபத்து என்று அவர் அஞ்சினார்.

நம் நாட்டிலும் கண்ணீர்க் கதை உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது, ஆட்டக்காரர் இருவரின் மோதல் கூட்டத்தில் பற்றிக்கொண்டது. 16 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக அந்நாளில் அங்கே இரத்த தானம் செய்கிறார்கள். ஆகவே எல்லோரையும் கலந்து உட்கார வைத்துவிட்டுக் கடவுள்மேல் பாரத்தைப் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தனித்தனி வழி வேண்டும், தனித்தனி இடம் வேண்டும், நடுவில் ஆள் வேண்டும். இடம் பிரிப்பது வேறு. இடமே இல்லை என்பது வேறு.

இங்கிலாந்தில் வேலிகள் போயின. நடத்தை கெட்டவன் யாரோ அவனை நீதிமன்றத்தில் நிறுத்தி, மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரை மைதானத்துப் பக்கம் வராதே என்று தடுக்கிறார்கள். அவனோடு வேனில் வந்த மற்றவர்களைத் தடுப்பதில்லை. பிரீமியர் லீக்கில் வெளியூர் அணிக்கு 3,000 இடங்கள், மைதானம் சிறியதாக இருந்தால் கொள்ளளவில் 10 விழுக்காடு கேட்டுப் பெற உரிமை உண்டு. 2016 முதல் அவர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் டிக்கெட் விற்கக் கூடாது என்றும் வைத்தார்கள். அந்த லீக்கின் பணச் செருக்கு எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் இதைப் பாராட்டத்தான் வேண்டும். இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்து, தோற்கப்போகும் அணிக்காகத் தொண்டை வறளக் கத்துகிறவன் பெரும்பாலும் பணக்காரன் அல்லன் என்பது அங்கேயும் சிலருக்குத் தெரிந்திருக்கிறது.

கல்கத்தாவைப் பற்றி இன்னொன்று. 2024 ஆகஸ்ட் 18 அன்று அதே இரு அணிகளும் டுராண்ட் கோப்பையில் மோதுவதாக இருந்தது. அரசு மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட கொதிப்பு அடங்காத நாள்கள். ரசிகர்கள் மைதானத்திலேயே நீதி கேட்டுக் குரல் கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது. போதிய பாதுகாப்புத் தர இயலாது என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அன்று மைதானத்திற்கு வெளியே கூடியவர்களைக் கலைக்கப் போலீசாருக்குக் குறைவில்லை! அங்கே ஈஸ்ட் பெங்கால் ரசிகனின் தோளில் மோகன் பகான் ரசிகன் ஏறி நின்று முழங்கினான். நூறாண்டுப் பகை என்கிறார்களே, அந்தப் பகைவர்கள்! அந்தப் படத்தைக் கைப்பேசியில் என் அறை நண்பனிடம் காட்டினேன்.

அவன் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தக் கல்லைப் பத்தி ஒண்ணு சொல்லவா?" என்றான். சென்ற ஆண்டு வெளியூர் மாணவர்கள் உட்கார்ந்திருந்தது எங்கே? ஆடுகளத்துக்கு அந்தப் பக்கம், நமக்கு நேர் எதிரே. கல் பட்டபோது என் நண்பன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்? ஆடுகளத்தை, அதாவது அவர்களை. தையல் போட்டது எங்கே? பின்மண்டையில்.

எறிபொருளின் பாதையை முதலாண்டிலேயே படித்தவன் நான். கோணம், திசைவேகம், வீச்சு எல்லாவற்றுக்கும் சூத்திரம் தெரியும். அந்தத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனவனும் நான். கல் பின்னாலிருந்து வந்தது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நமக்குப் பின்னால் இருந்தது நம் கல்லூரிச் சுவரும் நம் மாணவர்களும்தாம். எறிந்தவன் யாரென்று என் நண்பனுக்கும் தெரியாது. எதிர்ப்பக்கத்துக்கு எறிந்தது குறி தவறியிருக்கும் என்கிறான். "அப்பவே ஏன்டா சொல்லலே?" என்றேன். "யாரு கேட்டீங்க?" என்றான்.

இன்னொரு செய்தியையும் எழுதிவிடுகிறேன். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டில் ஒருநாள் என் தந்தையார் என்னைப் பார்க்க ஊரிலிருந்து வந்தார். மூட்டை தூக்கும் வேலை; வேட்டியும் தோளில் துண்டும். வாசலில் "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" என்று நிறுத்திவிட்டார்கள். மகன் படிக்கிறான் என்று சொல்லியிருக்கிறார்; வகுப்பு முடியட்டும் என்றார்களாம். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார். நான் போனபோது, "அவங்க வேலையை அவங்க பாக்குறாங்க, விடுப்பா" என்று சொல்லிக் கையில் இருந்த பலகாரப் பையை நீட்டினார். அன்றைக்கு எனக்கு வந்த அழுகை, மாணவர் கூட்டத்தில் கை தூக்கியபோது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இவ்வாண்டுப் போட்டிகள் அந்தத் தாளில் கண்டபடியே நடந்தன. அரையிறுதியில் எதிரணி ஒரு நல்ல கோல் போட்டது. நடுக்களத்திலிருந்து நான்கு பேரைத் தாண்டி வந்து போட்டான் அந்தப் பையன். கை தட்ட ஆள் இல்லை. அவர்கள் வேன் ஓட்டுநர் மட்டும் எழுந்து நின்று தட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்க்கவும் உட்கார்ந்துவிட்டார். அன்றும் நம் ஆட்களுக்குள்ளேயே, இரண்டாமாண்டுக்கும் மூன்றாமாண்டுக்கும், இடம் பிடிப்பதில் கைகலப்பு நடந்தது. அதற்கு எந்தத் தாளும் ஒட்டப்படவில்லை.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு முன் மாணவர் கூட்டம் மறுபடி கூடும். வெளியூர் மாணவர்களை விடுவோம், அவர்களுக்குத் தெற்குப் பக்கப் படிகளைத் தனியே ஒதுக்குவோம், ஒவ்வொரு கல்லூரிக்கும் இத்தனை பேர் என்று எண்ணிச் சீட்டுக் கொடுப்போம், கல்லெடுத்தவன் எந்தக் கல்லூரியானாலும் அவனை மட்டும் வெளியேற்றுவோம் என்று நான் அங்கே சொல்லப்போகிறேன். உடற்கல்வி இயக்குநர் ஐயாவிடமும் இதைச் சொன்னேன். "எழுதிக் கொடு, பார்க்கலாம்" என்றார். எழுதுவதற்காக ஒருநாள் மாலை மைதானத்தைச் சுற்றி அளந்து பார்த்தேன். ஆயிரம் பேருக்கு மேல் கூடும் நம் மைதானத்திற்கு இரண்டே வாயில்கள். மேற்கு வாயிலில் ஒரு கதவைத்தான் திறக்கிறோம். நான் கை விரித்து நின்றால் அடைபட்டுப்போகும் அகலம். கிழக்கு வாயிலில் துருப்பிடித்த பூட்டுத் தொங்குகிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் மூன்று பெயர் சொன்னார்கள்.